செவர்ன் கரையில் ஜாக்ஃபீல்டு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில், செவர்ன் நதி குன்றுகளுக்கு நடுவே நெருக்குண்டு ஓடும் இடத்தில், தென்கரைச் சரிவில் அமைந்தது ஜாக்ஃபீல்டு. நிர்வாகத்தில் அது பிரோஸ்லி என்னும் பக்கத்து ஊரைச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் விக்டோரியா மகாராணியின் காலத்தில் கோயில், ரயில் நிலையம், மாளிகை, மதுக்கடை என்று பேதமில்லாமல் எங்கும் தரையையும் சுவரையும் அலங்கரித்த பூவேலைத் தளக்கற்களில் கணிசமான பகுதி இந்தச் சிற்றூரிலிருந்துதான் போயிற்று என்பதை, நெடுங்காலம் இதன் அண்டையில் குடியிருப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் கர்வத்தோடேயே சொல்லுகிறேன்.

நல்ல களிமண்ணும் அதைச் சுடுவதற்கு வேண்டிய நிலக்கரியும் ஒரே குன்றின் வயிற்றில் கிடைத்தது இவ்வூரின் பாக்கியம். 1850இல் வூஸ்டரில் தொழில் தொடங்கிய ஜார்ஜ் மா, ஆர்தர் மா என்னும் சகோதரர்கள் இந்த மண்ணை நாடி 1852இல் அருகிலுள்ள பெந்தாலுக்கும், 1883இல் ஜாக்ஃபீல்டுக்கும் பெயர்ந்து வந்தார்கள். அதற்கு முன்பே, 1870களில், சார்லஸ் லைனம் வகுத்த அமைப்பின்படி கிரேவன் டன்னில் கம்பெனியின் ஆலை இங்கே எழும்பிவிட்டது. 1862இல் வந்த ரயில் பாதை இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் சரக்கு வாகனமாயிற்று.

இக்கற்களில் மிக அழகானது, சித்திரம் மேற்பூச்சாக இல்லாமல் கல்லோடு கல்லாகப் பதிந்திருக்கும் வகை. ஈரமண்ணை அச்சிலிட்டு அழுத்தினால் கோலம் பள்ளமாக விழும். அந்தப் பள்ளத்தில் வேறு நிறக் களிமண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, சில நாள் இறுகவிட்டு, மேற்பரப்பைச் சுரண்டினால் பூவும் கொடியும் தெளிந்து வெளிப்படும். இரண்டு மண்ணும் சூளையில் ஒரே அளவாகச் சுருங்கவேண்டும். ஒன்று முந்திக்கொண்டால் கோலம் விண்டுபோய்விடும். எத்தனை மனிதர் நடந்தாலும் தேய்ந்தழியாத இந்தச் சித்திரத்தை விட்டுவிட்டுப் பின்னாளில் வழவழப்பான வெள்ளைக் கற்களை விரும்பிய ரசனையை நான் ரசனை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஜார்ஜ் மா தாவர சாஸ்திரத்திலும் வல்லவர். குங்குமப்பூவின் இனமான குரோக்கஸ் செடிகளைப் பற்றி 1886இல் அவர் வெளியிட்ட பெருநூலை இன்றும் அறிஞர்கள் போற்றுகிறார்கள். வால்டர் கிரேன் போன்ற சித்திரக்காரர்கள் அவருடைய கம்பெனிக்கு வரைந்து கொடுத்தார்கள். பம்பாய் விக்டோரியா டெர்மினஸின் தரையிலும் அந்தக் கம்பெனியின் கற்கள் பதிந்திருக்கின்றன.

பிறகு க்ஷீண தசை. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் கிரேவன் டன்னிலில் தளக்கல் வேலை நின்று, அங்கே உலோக வார்ப்படம் நடந்தது. 1952இல் மலைச்சரிவே நகர்ந்து இருபத்தேழு வீடுகளை அழித்தது. 1963இல் ரயிலும் நின்றது. 1970இல் மா ஆலை மூடப்பட்டு, பிறகு பெரும்பகுதி இடித்துத் தள்ளப்பட்டது. எஞ்சிய சில கட்டடங்களில் இன்று கைவினைக் கடைகள் இருக்கின்றன.

கிரேவன் டன்னில் ஆலை மட்டும் காட்சிசாலையாகப் பிழைத்தது. அதன் ஒரு பகுதியில் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதற்கு இன்றும் தளக்கல் செய்கிறார்கள். ஆயினும் என்ன பயன்? 1986இல் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதையும் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தும், வருகிற யாத்திரிகர்களில் அநேகர் 1779இல் கட்டிய இரும்புப் பாலத்தின்மேல் நின்று படம் பிடித்துக்கொண்டு, ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சற்றுக் கீழே ஆற்றோரம் இருக்கும் ஜாக்ஃபீல்டை எட்டிப் பார்க்க அவர்களுக்கு அவகாசமில்லை. வெளியூர்க்காரரைக் குறைசொல்லி என்ன? தாத்தா காலத்து நடைக்கூடத்தின் பூக்கற்களைக் கடப்பாறையால் பெயர்த்துக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டுகிற வீட்டுக்காரர் இந்நாட்டிலேயே எத்தனையோ பேர். உங்கள் பழைய வீட்டிலும் இப்படிப்பட்ட தரை இருந்தால், கொத்தனாரை அழைப்பதற்கு முன் ஒரு கல்லைப் பெயர்த்துப் பின்புறத்தைப் பாருங்கள். செய்தவர் பெயர் அங்கே பதிந்திருக்கக்கூடும்.