பயணப் பெட்டி

பினாங்கில் நம்மவர் நடத்தும் மாலை நேர மத்ரஸா ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பிக்க வேண்டும். ஒப்பந்தம் 2 ஆண்டுகள். 28 ஆண்டுகள் ஒரே ஊரில், ஒரே கரும்பலகைக்கு முன் நின்றவனுக்கு 56-ஆம் வயதில் கடல் கடக்கும் நசீபு எழுதப்பட்டிருந்தது. விசாவும் பயணச் சீட்டும் வந்து சேர்ந்தன. சீட்டில் ஒரு வரி: பெட்டி 30 கிலோ, கைப்பை 7 கிலோ. அந்த ஒரு வரிதான் பதினைந்து நாள் என் உறக்கத்தைக் கெடுத்தது.

எங்கள் வாப்பா அவர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அவர்கள் காலத்தில் பினாங்குப் பயணம் என்றால் கப்பல்தான். முதலில் 'ரஜூலா', பின்னர் 'சிதம்பரம்'. சென்னையிலிருந்து வரும் கப்பல் நாகப்பட்டினத்தில் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும்; படகில் போய்த்தான் ஏற வேண்டும். வாப்பாவின் பச்சைத் தகரப் பெட்டியை இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிப் படகில் வைத்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. அதோடு அந்தக் கடல்வழி நின்றுபோயிற்று. பெட்டி மட்டும் நாகூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடக்கிறது.

ஓர் ஆசிரியன் அயல்நாடு போகிறான் என்றால் முதலில் கிதாபுகளைத்தானே எடுத்து வைப்பான்? நானும் அப்படியே செய்தேன். 'லிஸானுல் அரப்' அகராதி 15 பாகங்கள், தஃப்ஸீர் நூல்கள், நன்னூல் உரை, சீறாப்புராணம் எல்லாவற்றையும் கூடத்தில் அடுக்கினேன். தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்தபோது கிதாபுகள் மட்டும் 41 கிலோ. உடுக்கும் கைலி ஒன்றுகூட இன்னும் பெட்டிக்குள் வரவில்லை.

என் மனைவியோ தன் பங்குக்குச் சமையலறையில் ஒரு மூட்டை கட்டியிருந்தாள். சர்க்கரை நோய்க்கு மூன்று மாத மாத்திரை, மருத்துவர் எழுதிய சீட்டு, எலுமிச்சை ஊறுகாய், பருப்புப் பொடி, மாசிக் கருவாடு. கூடத்துக்கு வந்து என் அடுக்கைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் ஊறுகாய்ப் புட்டியையும் பொடியையும் கருவாட்டையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"அங்கே நம்மவர் கடைகள் நிறைய உண்டென்று சொல்கிறார்கள். இதெல்லாம் கிடைக்கும். இந்த மூன்று கிலோவை உங்கள் கிதாபுகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள். பிறகு, குற்றம் சாட்டும் குரலில் அல்ல, தெரிந்துகொள்ளும் குரலில் கேட்டாள்: "இதில் எது இல்லாவிட்டால் உங்களுக்குப் பாடம் நடத்த வராது?"

விடை சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

நான் கற்பிக்கப் போவது எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு 15 பாக அகராதியை விரித்து வைத்து என்ன சொல்லப் போகிறேன்? அது எனக்குத் தேவைப்படும் அரிய வேளைகளிலும் கைப்பேசியில் தேடிக்கொள்ளலாம் என்று என் மகன் முன்பே செய்து காட்டியிருக்கிறான். அப்படியிருந்தும் அவற்றை ஏன் அடுக்கினேன்? அன்றிரவு இஷாவுக்குப் பின் படுக்கையில் புரண்டபோது உண்மை தெரிந்தது. எங்கள் ஊர்க் குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்கில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தியவர். அப்பெரியார் வாழ்ந்த ஊருக்குப் போகிறோம் என்ற எண்ணம் என் தலைக்கேறியிருந்தது. அங்கே என் அறைக்குள் நுழைபவர் பொன்னெழுத்து மின்னும் அந்தப் பதினைந்து முதுகுகளைக் கண்டு, 'ஹஜ்ரத் பெரிய ஆலிம்தான்' என்று நினைக்க வேண்டும். நான் பெட்டியில் வைத்தது இல்மை அல்ல, முகத்துதியை. அதற்குத்தான் அத்தனை எடை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அவர்கள் இளமையில் ஜுர்ஜான் நகரில் பாடம் கேட்டு, குறிப்புகளை எழுதிக்கொண்டு, சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பும் வழியில் கொள்ளையர் கையில் சிக்கினார்கள். எல்லாம் பறிபோயிற்று. மற்றவை போகட்டும், குறிப்புகளையாவது திருப்பித் தாருங்கள், அதில்தான் என் கல்வி இருக்கிறது என்று கெஞ்சினார்கள். பையைப் பறித்தவுடன் போய்விடுகிற கல்வியும் ஒரு கல்வியா என்று கொள்ளையர் தலைவன் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தானாம். அந்தச் சிரிப்பு இமாமவர்களைச் சுட்டது. ஊர் திரும்பி 3 ஆண்டுகள் உட்கார்ந்து அக்குறிப்புகள் முழுவதையும் மனனம் செய்தார்கள். 28 ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்ன கதை அன்றிரவுதான் என்னைப் பார்த்துத் திரும்பியது.

மறுநாள் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். மத்ரஸாவில் 17-ஆம் வயதில் நான் மனனம் செய்தது இப்னு மாலிக் (ரஹ்) அவர்களின் 'அல்ஃபிய்யா'. அரபு இலக்கணத்தை ஏறத்தாழ ஆயிரம் அடிகளில் பாடும் நூல். அதன் ஆசிரியரும் என்னைப் போல் பிறநாடு போய்க் கற்பித்தவரே. அந்தலூஸில் பிறந்து, ஷாம் நாட்டுக்குக் குடிபெயர்ந்து, ஹிஜ்ரி 672-இல் (கி.பி. 1274) திமிஷ்கில் காலமானவர். நான் ஓத, என் மனைவி கிதாபைப் பிடித்துக்கொண்டாள். பொருள் அறியாவிட்டாலும் ஜபர் ஜேர் போட்ட எழுத்தைப் பிசகாமல் பார்ப்பாள்.

தொடக்கம் ஆற்றொழுக்காக ஓடியது. எழுவாய், பயனிலை எல்லாம் தடையின்றிக் கடந்தேன். பிறகு 'தனாஸுஃ' என்ற பகுதியில் நின்றுவிட்டேன். ஒரு பெயர்ச்சொல்லுக்காக இரண்டு வினைகள் போட்டியிடுவதைச் சொல்லும் பகுதி அது. கிதாபைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனையோ முறை அதை நடத்தியிருக்கிறேன். மூடி வைத்தால் வரவில்லை. "அங்கே என்ன சொல்லியிருக்கிறது?" என்று அவள் கேட்டாள். சொன்னேன். "நம் பெட்டிச் சண்டைதான்!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று.

அதற்குப் பின் வேலை எளிதாயிற்று. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்காகவா, என்னிடம் ஓத வரும் பிள்ளைக்காகவா என்று கேட்டேன். லிஸானுல் அரப் வெளியே போயிற்று. தஃப்ஸீர்களில் ஒன்று நின்றது. நன்னூல் நின்றது. உமறுப் புலவரின் சீறா நின்றது. கடல் கடந்து வாழும் பிள்ளைகளுக்கு நபிகளார் (ஸல்) அவர்களின் வரலாற்றை நம் மொழியில் பாடிக் காட்ட அதைவிட என்ன வேண்டும்? எழுதப் பழக்க நாணல் பேனா ஒரு கட்டு வைத்தேன்.

உம்மாவிடம் துஆ கேட்கப் போனபோது, அவர்கள் தலைமாட்டிலிருந்த துணிப்பையை அவிழ்த்து ஒரு கையெழுத்து ஏட்டை எடுத்தார்கள். உம்மாவைப் பெற்ற பாட்டியார் எழுதியது. அவர்கள் காலத்துப் பெண்கள் பலரைப் போலப் பாட்டியாரும் தமிழெழுத்து அறியார். அரபெழுத்தில் தமிழை எழுதுவார். அந்த அரபுத்தமிழில் ஒரு மாலைப் பாட்டும், மௌலூது விருந்துக்கு வாங்கிய அரிசிக் கணக்கும், பிள்ளைகள் பிறந்த நாள்களும் அந்த ஏட்டில் இருந்தன. "நான் இருக்கும்போதே உன் கையில் கொடுத்துவிடுகிறேன்" என்றார்கள் உம்மா. அவர்களுக்கு வயது 81. அந்தச் சொல்லின் எடையை எந்தத் தராசில் நிறுப்பது?

ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஓர் எண்ணம் பளிச்சிட்டது. மலேசியாவின் சமயப் பள்ளிகளில் பிள்ளைகள் ஜாவி எழுத்துப் படிக்கிறார்கள். ஜாவி என்பது அரபெழுத்தில் எழுதும் மலாய். அரபியில் இல்லாத 'ச', 'ங', 'ப' போன்ற ஒலிகளுக்காகப் புள்ளி கூட்டிச் சில எழுத்துகளை அதில் சேர்த்திருக்கிறார்கள். நம் முன்னோரும் அரபியின் 28 எழுத்துகளோடு தமிழொலிகளுக்கு வேண்டிய எழுத்துகளைச் சேர்த்தே அரபுத்தமிழை ஆக்கினார்கள். வீட்டில் மலாயும் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழெழுத்து அந்நியமாகத் தோன்றலாம். பாட்டியாரின் ஏட்டை முன்னால் வைத்தால், அறிந்த எழுத்தின் வழியே அறியாத தாய்மொழிக்குள் அவர்கள் நுழையக்கூடும். கிழவி எழுதிய அரிசிக் கணக்கே அவர்களின் முதல் தமிழ்ப் பாடமாகட்டும். அதன் எடை கால் கிலோவும் இல்லை. கைப்பேசியில் தேடினாலும் கிடைக்காது. அது கைப்பையில், முஸ்ஹஃபுக்குப் பக்கத்தில் இடம் பெற்றது.

கடைசியில் பெட்டியை நிறுத்தால் 26 கிலோ. ஊறுகாய்ப் புட்டியையும் மற்றவற்றையும் நானே கொண்டுபோய்த் திரும்ப உள்ளே வைத்தேன். கடையில் கிடைக்கும் என்று அவள் மறுத்தாள். அவள் கையால் போட்டது கிடைக்காது என்றேன்.

நின்றுபோன கிதாபுகளை வாப்பாவின் தகரப் பெட்டியில் வேப்பிலை பரப்பி அடுக்கிப் பூட்டினேன். பலமுறை கடல் கடந்த பெட்டி இப்போது வீட்டில் இருக்கிறது. வீட்டில் இருந்தவன் போகிறேன்.

அல்ஃபிய்யாவை மட்டும் எந்தப் பெட்டியிலும் வைக்கவில்லை. அது என் மனைவியின் கையில் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், வாரந்தோறும் வெள்ளி இரவு தொலைபேசியில் பாடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். தனாஸுஃ பகுதியிலிருந்து தொடங்க வேண்டுமாம்.