வெண்கலச் சிலுவை



1915-இல் பிரான்சு ஏற்படுத்திய போர்ச்சிலுவைப் பதக்கத்தை என் சேகரிப்பில் சேர்க்கப் பல்லாண்டு ஏங்கினேன். புதுச்சேரியில் முதியவர் ஒருவரிடம் அது கிடைத்தது: வெண்கலச் சிலுவை, குறுக்கே இரு வாள்கள், பின்புறம் 1914–1918.

“தாத்தா பெற்றது, ஐயா, பேத்தியின் படிப்புக்காக விற்கிறேன்” என்றார். நான் விலையைக் குறைத்தே வாங்கினேன்.

மாலையில் கடற்கரைச் சாலையிலுள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தின் முன் நின்றபோது மனம் குத்துண்டது. அந்தப் போர்வீரரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லையே! பொருளை நேசித்தேன்; மனிதரை மறந்தேன். நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவரோ, நமக்கான கிரயத்தைக் குறைக்காமல் சிலுவையில் செலுத்தினார்.

மறுநாள் சென்று, குறைத்த தொகையைச் செலுத்திப் பெயரைக் கேட்டேன். இப்போது பதக்கத்தின் அருகே அப்பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

நம் பொக்கிஷங்களுக்குப் பின்னே நாம் மறந்த முகங்கள் உண்டோ? ஆராய்வோமாக. ஆமென்.