இடையன்குடியும் ஒரு பிடி அரிசியும்

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, திசையன்விளைக்குப் பக்கத்தில் இருக்கிறது இடையன்குடி. சிவந்த தேரி மணல், பனைமரங்கள், நடுவில் பெரிய கற்கோயில். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-ல் இங்கேதான் குடியேறினார். 1847-ல் ஆரம்பித்த ஆலயத்தை 1880-லதான் பிரதிஷ்டை பண்ண முடிஞ்சது. அந்த 33 வருஷத்துக்குள்ள ஒப்பிலக்கணமும் வந்தாச்சு (1856), தாது வருஷப் பஞ்சமும் வந்து போயாச்சு. 1891-ல் கொடைக்கானலில் இறந்தவரை இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போ நினைவில்லம். பிள்ளைகளோடு போனால் வெயிலுக்கு முன்னாடியே போயிட்டு வந்துடுங்க.

ஆனா இந்தப் பக்கம் வந்தால் கோயிலோடு நிறுத்திடாதீங்க, யார் வீட்டு அடுப்படியையாவது பாருங்கள் என்பேன். நாங்க தங்கினது பக்கத்து ஊரில், என் வீட்டுக்காரரோட அத்தை வீட்டில். காலையில் உலை வைத்துவிட்டு அரிசியை அளந்தாங்க. கழுவுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து ஓரத்தில் இருந்த பழைய பிஸ்கட் டின்னில் போட்டாங்க. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் போய் வந்தது. கைப்பிடி அரிசி. இந்தப் பகுதி சி.எஸ்.ஐ. வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். சேர்ந்த அரிசியை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாங்க. அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்குப் போகும்.

என் பத்து வயசு மகன் கேட்டான், "இது டாக்ஸா?"

"வரி இல்ல மக்கா. மிஞ்சினதைக் குடுத்தா மிச்சம். முதல்ல எடுத்தாத்தான் காணிக்கை."

ரேஷன் அரிசியும் வீட்டில் இருந்தது. டின்னுக்குள் போனது அவங்க சாப்பிடுற பொன்னி. அதை நான் கேட்கவும் இல்லை, அவங்க சொல்லவும் இல்லை.

இந்த ஊர்களை நான் பெரிசாகத் தூக்கி வைக்கவில்லை. சபைத் தேர்தல் வந்தால் ஒரே குடும்பத்துக்குள் பேச்சு நின்றுபோகிற கதையும் இங்கே உண்டு. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயைப் பத்து மடங்கு விலைக்கு எடுக்கிறவருக்குப் பக்தியோடு கொஞ்சம் பெருமையும் இருக்கத்தான் செய்யும். டின்னுக்குள் விழும் அரிசிக்கு அந்தப் பார்வையாளர்கள் கிடையாது.

ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் அத்தை கேட்டாங்க, "கனடாவுல ஆராதனை எத்தனை மணிக்கு?"

மதியம் மூணு மணிக்கு, வாடகை ஹாலில் என்றேன். அப்போ காலையில் என்ன செய்வீங்க என்றதும் மகன் முந்திக்கொண்டான்: "ஸ்விம்மிங். அப்புறம் காஸ்ட்கோ."

அத்தை கொஞ்சம் யோசிச்சாங்க. "சரி, கோயிலுக்குக் குளிச்சிட்டுத்தான போவணும்!"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா எனக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது. நாம் பிள்ளைகளுக்கு ஜெபம் வேண்டாம்னு சொல்கிறதில்லை. ஹோம்வொர்க், கராத்தே, சாப்பாடு, போன் எல்லாம் முடிந்து, கண்ணு சொக்குகிற நேரத்தில் ரெண்டு நிமிஷம் ஒதுக்குகிறோம். எது முக்கியம்னு அவங்க நம்ம பேச்சிலிருந்து கத்துக்கறதில்லை. எதை முதலில் எடுக்கிறோம் என்று பார்க்கிறாங்க.

இப்போ எங்க ரைஸ் குக்கர் பக்கத்தில் ஒரு டின் இருக்கிறது. உணவு வங்கியில் திறந்த அரிசி வாங்க மாட்டாங்க. அதனால் மாசக் கடைசியில் நிறுத்துப் பார்த்து, அதே எடைக்கு நாங்க சாப்பிடுற அதே அரிசியில் புதுப் பை வாங்கிக் கொடுக்கிறோம். ஜெபத்தை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்தியாச்சு. பசியில் பிள்ளைங்க முணுமுணுக்கிறாங்க, நடக்குது.

இப்போ சாக்கர் டீமிலிருந்து மெயில் வந்திருக்கிறது. அடுத்த சீசனில் மேட்ச் எல்லாம் ஞாயிறு மதியம் ரெண்டரைக்காம். மகனுக்கு ரொம்ப ஆசை. வீட்டுக்காரர் ஒரு வருஷம்தானே என்கிறார், நான் இன்னும் சரின்னு சொல்லவில்லை. பதிவு செய்ய வெள்ளிக்கிழமை கடைசி நாள்.