மீசை எடுத்த ராஜகுமாரி!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடி போகிறவர்களுக்கு ஒரு யோசனை. விடிகிற நேரத்தில், எதிர் சீட்டுக்காரரின் குறட்டையைப் பொருட்படுத்தாமல் ஜன்னலைத் திறந்து விடுங்கள். ஊர் நெருங்க நெருங்க வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு, 'ராத்திரியோடு ராத்திரியாக ரயில் காஷ்மீருக்குப் போய்விட்டதோ?' என்று தோன்றும். காற்று உதட்டில் பட்டதும் சந்தேகம் தீர்ந்து விடும். கரிக்கும்!

நான் போனது உப்புக்காக அல்ல. மக்ரூனுக்காகவும் அல்ல (அதை எப்படியும் அரைக் கிலோ வாங்கி விடுவேன் என்பது வேறு விஷயம்). நண்பர் ஒருவர் போன் செய்திருந்தார். "எங்க ஊர்த் திருநாள்ல ஞானசௌந்தரி நாடகம் போடுதோம். நீங்க வந்துரணும். ராஜகுமாரியா நடிக்கிறவர் மீசையை எடுக்கச் சம்மதிச்சிட்டாரு!"

இதற்கு மேல் என்ன அழைப்பு வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் பஸ்ஸில் ஏறினேன். பழையகாயல், வெற்றிலைக்குப் பேர் போன ஆத்தூர் எல்லாம் தாண்டி, கிளை ரோட்டில் திரும்பினால் கடலோரம் அந்த ஊர். பெயர் வேண்டாம். முன்பு ஒரு கட்டுரையில் பெயர் போட்டு எழுதிய ஊர்க்காரர்கள் இன்னும் என்னைத் தேடிக் கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கரைக்கு நாடகம் புதிதல்ல. 1542-ல் சவேரியார் வந்திறங்கிய கரை இது. 1586-ல் அண்ட்ரிக் அடிகளார் புன்னைக்காயலில் இருந்து கொண்டு 'அடியார் வரலாறு' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சடித்த கரை. புனிதர்களின் கதை முதலில் பிரசங்கமாக வந்து, பிறகு பாட்டாகி, கடைசியில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறி விட்டது. எஸ்தாக்கியார், சந்தியாகப்பர், மூவிராசாக்கள் என்று வரிசையாக நாடகங்கள். எதிர்க்கரையில் மன்னாரிலும் இதே கதைதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் அங்குள்ள நாடகங்களைத் தேடிப் பிடித்துப் பதிப்பித்தார்.

இவற்றில் ஞானசௌந்தரி மட்டும் சுத்தமான தேவதைக் கதை. சித்தி கொடுமை. காட்டுக்கு அனுப்பப்பட்ட ராஜகுமாரியின் இரண்டு கைகளும் வெட்டப்படுகின்றன. கையில்லாதவளை இளவரசன் பிலவேந்திரன் காதலித்துக் கல்யாணம் செய்து கொள்கிறான். அவன் போருக்குப் போன நேரத்தில் கடிதத்தை மாற்றி அவளை மறுபடி காட்டுக்குத் துரத்துகிறார்கள். கடைசியில் மாதாவின் அருளால் கைகள் திரும்ப முளைக்கின்றன.

ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் 'கையில்லாத பெண்' என்று ஒரு கதை உண்டு. அங்கேயும் கை போகிறது, கடிதம் மாறுகிறது, கை முளைக்கிறது. சித்திக்குப் பதில் சைத்தான், அவ்வளவுதான் வித்தியாசம். நம்மூரில் சினிமாக்காரர்களும் விடவில்லை. 1948-ல் ஒரே வருஷத்தில் இரண்டு 'ஞானசௌந்தரி'. டி.ஆர்.மகாலிங்கம், எம்.வி.ராஜம்மா நடித்த சிட்டாடல் படம் ஓடு ஓடென்று ஓடியது. ஜெமினி வாசன் தன் படத்தைத் திரும்ப வாங்கிக் கொண்டார்.

சாயங்காலம் ஒத்திகைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் வலைக் கொட்டகை. அண்ணாவியார் (டைரக்டர் என்று வைத்துக் கொள்ளுங்களேன்) ஆர்மோனியத்தோடு உட்கார்ந்திருந்தார். பிலவேந்திரன் துறைமுகத்தில் லாரி கணக்கு எழுதுகிறவர். சித்தி, மளிகைக் கடை. மந்திரி, பி.எஸ்ஸி முடித்துவிட்டுக் கப்பல் வேலைக்குக் காத்திருக்கும் பையன். "மந்திரிக்கு எப்ப வேணாலும் ஆர்டர் வந்துரும். அதனால ரெண்டு மந்திரி ரெடி பண்ணி வச்சிருக்கோம்" என்றார் அண்ணாவியார். எந்த அரசாங்கத்திலும் இந்த முன்னேற்பாடு கிடையாது!

ராஜகுமாரி சங்கு குளிக்கிறவர். வயது நாற்பதுக்கு மேல். 1961-ல் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பில் அவர் தாத்தா மூழ்கியிருக்கிறார். அதற்குப் பிறகு முத்து இல்லை, சங்குதான். "மூச்சை அடக்கிப் பழக்கம் சார். அதனால நம்ம பாட்டு மட்டும் நிக்காது" என்றார். வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இளவட்டத்தில் மாலத்தீவுக்கு ஓடிய தோணியில் வேலை பார்த்தபோது, கயிற்றில் மாட்டிப் போனதாம். கொசு கடித்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் பி.காம். என்று நண்பர் உளறி விட்டார். அவ்வளவுதான், நாடகக் கணக்கு நோட்டைக் கொண்டு வந்து மடியில் வைத்து விட்டார்கள். "சார், கொஞ்சம் நேர் பண்ணிக் குடுங்க." வரவு: வீட்டு வரி, வெளிநாட்டில் இருக்கும் பையன்கள் அனுப்பியது. பற்று: டிரஸ் வாடகை, லைட், மைக், கிரீடம் ரிப்பேர். கூட்டிப் பார்த்தால் 3,400 ரூபாய் துண்டு. அதற்கு நேராகப் பென்சிலில் 'மாதா பாத்துக்குவா' என்று எழுதியிருந்தது. எந்த ஆடிட்டர் இதை ஒப்புக் கொள்வார்?

கணக்கு என்றதும் எனக்கு இன்னொரு ஆள் ஞாபகம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். இளம் வயதில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 24 வயதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாடகத்துக்குப் போய் விட்டார். சங்கரதாஸ் சுவாமிகள்! எமன், சனீஸ்வரன் வேஷம் கட்டினால் சனங்கள் நடுங்குவார்களாம். ஒரு விடியற்காலை சனீஸ்வரன் வேஷத்தோடு அவர் வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கரு கலைந்ததாகவும், அதோடு அவர் நடிப்பை விட்டதாகவும் சொல்வார்கள். எழுதுவதை விடவில்லை. 1918-ல் மதுரையில் பாலர் சபை ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே படித்தவர்கள்தான்.

நானும் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் கணக்கு எழுதிவிட்டு, எழுதிப் பிழைக்கலாம் என்று ராஜினாமா கொடுத்தவன். அப்பா ஒரு மாதம் பேசவில்லை. இன்றைக்கும் இருபத்தைந்தாம் தேதி ஆனால் வயிற்றைப் பிசையும். சுவாமிகளுக்கும் பிசைந்திருக்குமா?

ராத்திரி பத்து மணிக்கு நாடகம். மணலில் பாய், தலையணை, தூங்கும் குழந்தை சகிதம் ஊரே உட்கார்ந்திருந்தது. லண்டனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பாண்டமைம்' என்று போடுவார்கள். சிண்ட்ரெல்லா, அலாவுதீன் மாதிரிக் கதைகள். கிழவி வேஷத்தில் ஆண் வருவார். வில்லன் வந்தால் சனங்கள், "பின்னால பாரு!" என்று கத்துவார்களாம். இங்கே அதற்கு ஒரு படி மேல். சித்தியின் ஆள் கடிதத்தை மாற்றும்போது முன்வரிசை வாண்டுகள் எழுந்து நின்று, "கடுதாசிய மாத்திட்டாம்லே! பிரிக்காத, பிரிக்காத!" என்று கத்தின. ராஜா கேட்கவில்லை. பிரித்தார். ஒரு பாட்டி சித்தியைப் பார்த்து விட்ட வசவை இங்கே அச்சிட முடியாது. மறுநாள் மளிகைக் கடையில் எப்படி வியாபாரம் நடக்குமோ என்று கவலையாக இருந்தது.

கை போன ராஜகுமாரி, இரண்டு கைகளையும் சேலைக்குள் மறைத்துக் கொண்டு இரண்டு மணி நேரம் பாடினார். சங்கு குளிக்கிறவர் என்பதே மறந்து விட்டது. கையில்லாமல் பிள்ளைக்குத் தண்ணீர் எப்படிக் கொடுப்பேன் என்று அவர் கேட்ட இடத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் கண்ணாடியைத் துடைத்தார்.

விடியற்காலை மூன்று மணி. நீலப் பட்டில் மாதா தோன்ற, வாண வெடி வெடிக்க, ராஜகுமாரி சேலைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்து உயரத் தூக்கினார். குலவைச் சத்தம். அது அடங்கிய நொடியில், முன்வரிசையிலிருந்து ஒரு பொடியன் கேட்டான்.

"யய்யா... மாதா ரெண்டு விரலை மறந்துட்டாளா?"

கூட்டம் கப்சிப். எனக்குப் பகீரென்றது. நண்பர் என் கையைப் பிடித்துக் கொண்டார். மேடையில் ராஜகுமாரி தன் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதே பெண் குரலில், ராகம் போட்டுச் சொன்னார்: "மறக்கல ராசா... மிச்சம் அடுத்த வருஷம் தாறேன்னு சொல்லியிருக்கா. அதுக்காகவாவது அடுத்த வருஷம் நாடகம் போடணும்லா!"

அந்தச் சிரிப்பையும் கைதட்டலையும் நான் எந்தத் தியேட்டரிலும் கேட்டதில்லை. பெண்கள் சிரித்துக் கொண்டே அழுதார்கள். நாலைந்து பேர் எழுந்து போய் ராஜகுமாரி சேலையில் ரூபாய் நோட்டைக் குத்தினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் பத்துப் பேர்.

விடிந்ததும் மேக்கப் பாதி கலைந்த முகத்தோடு ராஜகுமாரி கட்டஞ்சாயா குடித்துக் கொண்டிருந்தார். "அந்தப் பய கேட்டது கஷ்டமா இல்லையாண்ணே?" என்றேன்.

"எம் பேரன்தான் சார். வீட்ல தினம் கேக்கான். பதில் தெரியாம முழிப்பேன். நேத்து மேடையில நின்னதும் தானா வந்துட்டு."

நோட்டை வாங்கி மறுபடி கூட்டினேன். 3,400 போக 260 ரூபாய் மிச்சம். பென்சில் வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். அழிக்கவில்லை. பக்கத்தில் டிக் அடித்து, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ராஜினாமா செய்த பிறகு நான் நேர் செய்த முதல் கணக்கு அதுதான்!