ஹவில்தார் மாமுவின் கடிதம்

ஞாயிற்றுக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா அறையில் நாங்கள் நால்வர் அமர்வது வழக்கம். ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஒருவர் வங்கியில் இருந்தவர், ஒருவர் தபால் துறையில் இருந்தவர், நான்காமவர் சட்டம் பயிலும் இளைஞர். வருவோர் கொண்டுவரும் அரசுக் கடிதத்தைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று தமிழில் சொல்வதே எங்கள் பணி. நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர், எவருக்காகவும் வாதாடுவதில்லை.

முன்னாள் படைவீரர்கள் எங்களைத் தேடி வருவார்கள் என்று தொடக்கத்தில் எண்ணியிருக்கவில்லை. தேனி மாவட்டத்தின் எங்கள் பகுதியில் இராவுத்தர் குடும்பங்கள் மிகுதி. அந்தப் பெயரே குதிரை வீரரைக் குறித்த சொல் என்பர் பெரியவர்கள். குதிரைகள் போய்விட்டன, பட்டாளத்துக்குப் போகும் வழக்கம் மட்டும் சில வீடுகளில் நின்றுவிடவில்லை.

2022ஆம் ஆண்டு ரமலான் முடிந்த சில வாரங்களில் வந்தவர்தான் நாங்கள் ஹவில்தார் மாமு என்று அழைக்கும் பெரியவர். 1983இல் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணியாற்றி, 2007 இறுதியில் ஓய்வு பெற்றவர். மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து வைத்தார். மடித்து மடித்து, மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் போடப்பட்டிருந்தது. 2008இல் வந்த கடிதம்.

"தம்பி, இதுல என்னைப் பொய்க்காரன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

உயர் இரத்த அழுத்தத்துக்காக ஊன ஓய்வூதியம் கோரிய அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. நோய் படைப்பணியால் விளைந்ததும் அன்று, படைப்பணியால் மிகுந்ததும் அன்று என்பதே காரணம். அலுவலக வழக்கில் இதை 'நானா' என்று நான்கு எழுத்தில் சுருக்கிவிடுவார்கள். கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். ஆனால் அன்று அதைப் படித்துக் காட்டிய எவரோ, "நீங்க சொன்னதை அவங்க நம்பலை" என்று பொருள் சொல்லிவிட்டார். பதினான்கு ஆண்டுகள் அந்தத் தாள் இரும்புப் பெட்டியின் அடியில் இராணுவக் கம்பளிக்குக் கீழே கிடந்தது. மாமிக்கும் தெரியாது. பணம் வராததைவிட, பொய்யன் என்று அரசாங்கம் முத்திரையிட்டு அனுப்பிவிட்டதாக எண்ணியதே அவரை வாட்டியிருக்கிறது.

"உங்களைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை மாமு. நோயைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள்" என்றோம். அவர் உடனே நம்பவில்லை. தலைமையாசிரியர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இரண்டு முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

நிராகரிப்புக் கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது. ஓய்வின்போது கூடும் மருத்துவக் குழு எழுதிய அறிக்கைதான் மூல ஆவணம். அது மாமுவிடம் இல்லை. எங்களிடம் வரும் பலரிடமும் இருப்பதில்லை. பத்து ரூபாய் தபால் ஆணை வைத்து, தகவல் உரிமைச் சட்டப்படி அவரது படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதினோம். நகல்கள் வந்தன. அவர் கைப்பட நிரப்பிய வாக்குமூலம், பணியாற்றிய இடங்களின் பட்டியல், மருத்துவர்களின் கருத்து, ஊன அளவு 30 விழுக்காடு. நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்றதற்கு அவர்கள் காட்டிய காரணம் ஒற்றை வரி: நோய் தொடங்கியபோது அவர் அமைதிப் பகுதியில் இருந்தார். பட்டாளத்தார் 'பீஸ் ஸ்டேஷன்' என்பார்களே, அது.

இங்கேதான் எங்களுக்குச் சோதனை வந்தது.

மாமு காஷ்மீரிலும் வடகிழக்கிலும் பல ஆண்டுகள் இருந்தவர். நோய் கண்டறியப்பட்டதோ அங்கிருந்து மாறுதலாகி வந்த பின், 2003இல். "காஷ்மீர்லயே தலைசுத்தல் இருந்துச்சு, அங்கேயே டாக்டர் பார்த்தார்னு எழுதிருங்க தம்பி. அங்க செத்தவங்களையெல்லாம் தூக்கினவன் நான். அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றார். தலைசுற்றல் இருந்ததா என்று கேட்டோம். சற்றுநேரம் பேசாமல் இருந்து, "நினைவில்லை" என்றார்.

உள்ளதைச் சொன்னால், எங்களில் இருவர் எழுதிவிடலாம் என்ற மனநிலையில்தான் இருந்தோம். ஏழை முதியவர், நாட்டுக்கு உழைத்தவர், ஒரு வரியால் எவருக்கு என்ன நட்டம்? மற்ற இருவர் உடன்படவில்லை. அன்று மஃரிப் வரை விவாதம் ஓயவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும், எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது என்றும், நேர்மையாக எழுத வேண்டும் என்றும் அது கட்டளையிடுவதையும் நாம் அறிவோம். அதன் முதற்பாதியைச் சொல்லிக்கொண்டுதான் இந்த அறையையே தொடங்கினோம். இரண்டாம் பாதி அன்றுதான் எங்கள் மீது வந்து நின்றது. அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனமோ சாட்சியம் சொல்லும்போது எதிரில் இருப்பவர் செல்வரா ஏழையா என்று பார்த்துச் சாயக் கூடாது என்கிறது. செல்வருக்காகச் சாய்வது தவறு என்பது எவருக்கும் புரியும். ஏழைக்காகச் சாய்வதும் சாய்வுதான் என்பதை ஏற்க எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது.

எழுத மறுத்துவிட்டோம். மாமு பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த இரு வாரங்கள் ஜும்ஆவில் எங்கள் ஸலாமுக்குப் பதில் சொன்னாரேயன்றி முகம் பார்க்கவில்லை.

அந்த இடைவெளியில் சட்டம் பயிலும் இளைஞர் நகல்களை மீண்டும் வாசித்தார். பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இது: படையில் சேர்ந்தபோது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையெனில், அவர் நலமாகவே சேர்ந்தார் என்றுதான் கொள்ள வேண்டும், பின்னர் உடல்நலம் கெட்டால் அது பணியால் விளைந்ததாகவே கருத வேண்டும், அப்படியன்று என்றால் மருத்துவக் குழுதான் காரணம் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர் மீது இல்லை. இதற்கு அடிப்படையான 1982ஆம் ஆண்டு விதிகளே மாமுவுக்கும் பொருந்துவன. (2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்துள்ளன, அதற்குப் பின் ஓய்வு பெற்றோர் அவற்றைப் பார்க்க வேண்டும்.)

மாமுவின் வாக்குமூலத்தில், சேர்வதற்கு முன் இந்த நோய் இருந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதிலும் கையொப்பமும் இருந்தன. சேர்ந்தபோது முழுத் தகுதி என்ற பதிவும் இருந்தது. காஷ்மீரில் எத்தனை மாதங்கள் என்பதை அவரது பட்டியலே சொன்னது. 2007இல் அவர் உண்மையாக எழுதியவையே 2022இல் அவருக்குத் தேவைப்பட்டன.

வீடு தேடிப் போய் இதைச் சொன்னோம். மாமி தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாமு அவரையும் உட்காரச் சொல்லி, "அந்தக் கடிதத்தை இவளுக்கும் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

இனி நடைமுறை. முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம், அது தள்ளுபடியானால் இரண்டாவதற்கு ஆறு மாதம், அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்; அதற்கும் ஆறு மாதம். மாமு எல்லாக் கெடுவையும் கடந்திருந்தார். ஆயினும் ஓய்வூதியம் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்க இடமுண்டு. தர்செம் சிங் வழக்கில் (2008) வந்த தீர்ப்பின்படி, பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் நிலுவை மட்டுமே கிடைக்கும். இழந்த மற்ற ஆண்டுகள் இழந்தவையே. வென்றால், 30 விழுக்காட்டை 50 ஆக உயர்த்திக் கணக்கிடுவார்கள்; பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கும் இது உண்டு என்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. நூறு விழுக்காட்டுக்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு என்பதால், 50க்கு 15 விழுக்காடு. பெருந்தொகை அன்று, மாமு இருவருக்கும் மருந்துச் செலவுக்கு ஆகும்.

இந்தக் கெடுக்களைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மாமுவுக்கு முந்தைய ஆண்டு, முதல் மேல்முறையீட்டில் தோற்ற முன்னாள் சிப்பாய் ஒருவர் வந்தார். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "இனி வழியில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அடுத்த வழி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. பின்னர் அறிந்து தொலைபேசியில் அழைத்தபோது அவர் திருப்பூரில் மகனோடு இருந்தார். "விடுங்க பாய், அலைய முடியலை" என்றார். அந்தத் தவறு எங்களுடையது. இப்போது எந்தக் கடிதத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்தே படிக்கத் தொடங்குகிறோம். உறையைத் தூக்கி எறிய விடுவதில்லை, அஞ்சல் முத்திரையின் தேதி அதில் இருக்கிறது.

மாமுவின் ஆவணங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று தமிழில் ஒரு தாள் எழுதி இணைத்து, சென்னையில் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்படைத்தோம். மனு தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் இருக்கிறது. இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. து'ஆ செய்யுங்கள்.

சென்ற ஞாயிறு மாமு மீண்டும் வந்தார். அவரோடு அதே படைப்பிரிவில் இருந்த, பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த நண்பர் ஒருவர். நெற்றியில் திருநீறு, கையில் பிளாஸ்டிக் பை. செருப்பை எங்கே விடுவது என்று தயங்கி நின்றவரை மாமு உள்ளே அழைத்து வந்து அமர்த்தினார்.

"எதையும் கூட்டிச் சொல்லாதே, குறைச்சும் சொல்லாதே. முதல்ல உறையை எடு" என்றார்.