அரசியல் வேண்டாம் என்றவர்களின் அரங்கு



காற்பந்து என்றாலே நம் மாணவர்களுக்கு இங்கிலாந்துதான். மான்செஸ்டரும் லிவர்பூலும் அவர்கள் நாவில் புரளும் அளவுக்குத் திருக்குறள் புரண்டால் எனக்கு மகிழ்ச்சி. அது நிற்க. ஆட்டத்தைக் காட்டிலும் பார்வையாளரைக் காண்பதற்காகவே தொலைக்காட்சியின் முன் அமரலாம் என்றால், அது ஜெர்மனியின் காற்பந்துக்குத்தான் பொருந்தும். டோர்ட்முண்ட் நகர அரங்கின் தெற்கு மேடையில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கின்றனர். ஒரு சிற்றூரே எழுந்து நின்று பாடுவது போன்ற காட்சி அது. அங்கே பெரும்பாலான கழகங்களில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி 1998 முதல் நடப்பில் உள்ளது. பணம் படைத்த ஒருவர் வந்து கழகத்தை எளிதில் வாங்கிவிட முடியாது. அதனால் இரசிகர் அங்கே வெறும் வாடிக்கையாளர் அல்லர்.

இதையெல்லாம் நான் ஏன் தேடிப் படிக்க நேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவர் ஒருவர் இப்போது ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறார். அவருடைய தாயார் ஒருநாள் என்னை அழைத்தார். “ஐயா, அங்க பந்து விளையாட்டுப் பார்க்க கூட்டாளிகள் கூப்பிடுறாங்களாம். நின்னுக்கிட்டே பார்க்கிற இடமாம். நிறத்தைப் பார்த்து அடிப்பாங்கன்னு என் தம்பி பயமுறுத்துறான். நீங்க சொன்னா கேட்பான்” என்றார். போ என்றோ போகாதே என்றோ சொல்வதற்கு முன் அது எத்தகைய இடம் என்று அறிந்துகொள்வது முறை அல்லவா? அவ்வாறு தேடியபோது எனக்குக் கிடைத்தது ஒரு கழகத்தின் கதை. எனக்கு அது ஒரு வகுப்பறையின் கதையாகவும் தோன்றியது.

ஆகன், பெல்ஜியத்தையும் நெதர்லாந்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லை நகரம். மாமன்னர் கார்ல் அடக்கம் செய்யப்பட்ட பேராலயம் அங்கேதான் இருக்கிறது. அந்நகரின் காற்பந்துக் கழகம் அலெமானியா 1900-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. மஞ்சளும் கறுப்பும் கோடிட்ட சட்டை அணிவதால் அதன் ஆட்டக்காரர்களுக்கு ‘உருளைக்கிழங்கு வண்டுகள்’ என்று செல்லப்பெயர். அவர்களின் அரங்கு டிவோலி. 2004-ல் ஜெர்மன் கிண்ண இறுதியாட்டம் வரை சென்ற கழகம் அது. 2006-ல் முதல் லீக்குக்கு ஏறி, ஓராண்டிலேயே இறங்கியது. பழைய அரங்கை விட்டு 2009-ல் ஏறத்தாழ 33,000 பேர் கொள்ளும் புதிய டிவோலிக்குக் குடிபெயர்ந்தது. கடன் கழுத்தை நெரிக்க, 2012 நவம்பரில் நொடிப்பு மனுக் கொடுத்தது. வீட்டைக் கட்டிக் கடனில் மூழ்கிய குடும்பங்களை நாமும் அறிவோம்.

இனி இரசிகர்களுக்கு வருவோம். ‘அல்ட்ராஸ்’ எனப்படுவோரை அடிதடிக் கும்பல் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. இத்தாலியில் தோன்றி 1990-களில் ஜெர்மனியில் பரவிய இரசிகர் மரபு இது. தொண்ணூறு நிமிடமும் இடைவிடாது பாடுவது, முரசு அறைவது, மேடை முழுவதையும் மூடும் ஓவியத் துணியை விரிப்பது ஆகியவை அவர்களின் பணி. ஒலிபெருக்கியுடன் ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தைப் பாட வைக்கிறார். அவருக்குக் ‘காப்போ’ என்று பெயர். தாம் உயிராய் நேசிக்கும் அணியின் ஆட்டத்தைப் பெரும்பாலும் காணாமலே கழிப்பவர் அவர்! அந்த ஓவியத் துணிகளை விலைக்கு வாங்குவதில்லை. பதினாறு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இரவெல்லாம் கூடத்தில் குனிந்து அளந்து, தைத்து, வண்ணம் தீட்டுகின்றனர். செலவுக்குத் தங்களுக்குள் காசு சேர்க்கின்றனர். புறப்பாட நடவடிக்கைக்குப் பிள்ளைகளை வரவழைக்க நாம் படும் பாட்டை எண்ணி, நான் சற்றே பொறாமைப்பட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அதே குழுவுணர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. குழுவின் பெயர் தாங்கிய பதாகை அவர்களுக்குக் கொடி போன்றது. எதிரிக் குழுவினர் அதைப் பறித்துச் சென்றால், குழுவையே கலைத்துவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஒரு துணிக்காக மண்டை உடையும். நம் இல்ல விளையாட்டுப் போட்டியில் சிவப்பு இல்லத்தின் கொடியை நீல இல்லத்தார் ஒளித்துவைத்த போது எழுந்த கூச்சலைக் கண்ட ஆசிரியர்களுக்கு, இதன் வித்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

2006 செப்டம்பரில் டிவோலியில் அலெமானியாவும் மன்ஷன்கிளாட்பாக் அணியும் மோதின. எதிரணியில் ஆடிய பிரேசில் நாட்டவரான காஹேயை அலெமானியா இரசிகர் சிலர் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினர். வந்திருந்த எதிரணி இரசிகர்களோ, அலெமானியாவின் சாம்பிய நாட்டு ஆட்டக்காரர் மோசஸ் சிசோனேயை அவ்வாறே இழிவுபடுத்தினர். நடுவர் மிக்கேல் வைனர் ஆட்டத்தை நிறுத்தினார்; இது தொடர்ந்தால் ஆட்டத்தையே கைவிடுவேன் என்று எச்சரித்தார். இங்கே நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தம் அணியின் கறுப்பின ஆட்டக்காரர் பந்தைத் தடுத்தால் கைதட்டுகின்ற அதே மேடையில், எதிரணியின் கறுப்பின ஆட்டக்காரருக்கு வசை எழுகிறது. ‘நம்மவன்’ என்ற சொல் ஒருவரைக் காப்பது அவர் நம் சட்டையை அணிந்திருக்கும் வரையில்தான் போலும்.

ஆகனில் 1999-ல் உருவான குழு ‘ஆகன் அல்ட்ராஸ்’. நிறவெறி, யூத வெறுப்பு, ஓரினச்சேர்க்கையாளர் மீதான இழிமொழி ஆகியவை மேடையில் ஒலிக்கக் கூடாது என்று அவர்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினர். அது எல்லாருக்கும் பிடிக்கவில்லை. 2010-ல் ஒரு பகுதியினர் பிரிந்து சென்று ‘கார்ல்ஸ்பாண்டே’ என்ற குழுவை அமைத்தனர். மாமன்னர் கார்லின் பெயரால் அமைந்த கூட்டம் என்று அதற்குப் பொருள். அவர்களின் முழக்கம் மிக எளியது: அரங்கினுள் அரசியல் வேண்டாம், காற்பந்து மட்டும் போதும்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நானும் முதலில் தலையாட்டத்தான் செய்தேன். ஆனால் பின்னர் நடந்ததைப் பாருங்கள். புதிய குழு விரைவில் பெரிதாயிற்று. நிறவெறியை எதிர்த்த குழு மீது வசையும் மிரட்டலும் பாய்ந்தன. பிறகு அடிதடி வந்தது. 2012-ல் சார்ப்ரூக்கனில் நடந்த வெளியூர் ஆட்டத்தின் போதும் அவர்கள் தாக்கப்பட்டனர். தாக்கியவர்கள் எதிரணி இரசிகர்கள் அல்லர். அதே மஞ்சள் கறுப்புத் துண்டு அணிந்தவர்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மாநில அரசு, ஆகன் வட்டாரத்தில் இயங்கிய ‘காமெராட்ஷாஃப்ட் ஆகனர் லாண்ட்’ என்ற புதுநாஜி அமைப்பைத் தடைசெய்தது. அவ்வட்டத்தைச் சேர்ந்தவர்கள் அரங்கிலும் நடமாடினர் என்று ஜெர்மன் ஏடுகள் எழுதின. கார்ல்ஸ்பாண்டேயில் இருந்த பிள்ளைகள் அனைவரும் நாஜிகள் என்று நான் கூறமாட்டேன், அது பொய். பெரும்பாலோர் பாடவும் முரசு அறையவும் வந்த இளைஞர்கள்தாம். ஆனால் ‘அரசியல் வேண்டாம்’ என்று எழுதிய கதவு ஒருவருக்கு மூடியும் இன்னொருவருக்குத் திறந்தும் இருந்தது.

2013 சனவரியில் ஆகன் அல்ட்ராஸ் டிவோலியை விட்டே விலகுவதாக அறிவித்தனர். பதினான்கு ஆண்டு நின்று பாடிய மேடை அது. மற்ற நகரங்களின் அரங்குகளில் அவர்களுக்கு ஆதரவாகப் பதாகைகள் எழுந்தன. அதே பருவத்தில் அலெமானியாவும் நான்காம் நிலை லீக்குக்கு இறங்கிற்று.

இதில் ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. அதே 2012-ன் நவம்பர், டிசம்பர் மாதங்களில், அரங்குப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த புதிய விதிகளை எதிர்த்து ஜெர்மனி முழுவதும் இரசிகர்கள் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் 12 விநாடிக்கு வாய் திறவாமல் நின்றனர். பல்லாயிரவர் ஒரே நேரத்தில் மௌனம். அண்மையில், 2024-ன் தொடக்கத்தில், லீக்கில் முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்து ஆடுகளத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி, பிப்ரவரியில் அத்திட்டத்தையே கைவிடச் செய்தனர். நுழைவுச்சீட்டின் விலையும், நின்று பார்க்கும் உரிமையும், கழகம் யாருக்குச் சொந்தம் என்பதும் அரசியல் அல்லாமல் வேறென்ன? தம் சட்டைப்பையைத் தொடுவது உரிமை, அடுத்தவர் தோலைத் தொடுவது மட்டும் அரசியல் என்றால் அது எந்த ஊர் இலக்கணம்?

ஆகனில் என்னை உறுத்தியது அடித்தவர்கள்கூட அல்லர். நடுவில் நின்ற ஆயிரக்கணக்கானோர். அவர்கள் எவரையும் அடிக்கவில்லை. ‘இரு குழுக்களுக்கிடையே ஏதோ தகராறு’ என்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆசிரியர் அறையில் நாமும் இவ்வாறு பேசுவதுண்டு. ஒரு பிள்ளையை நால்வர் கூடிப் பகடிவதை செய்கையில், ‘அவர்களுக்குள் சண்டை’ என்று இரு தரப்பையும் ஒரே பெஞ்சில் அமர்த்தி ஒரே அறிவுரை வழங்குகிறோம். அடிபட்ட பிள்ளைக்கு அதன் பொருள் உடனே விளங்கிவிடும். சில காலம் கழித்து அது பள்ளி மாறிப் போகும். ‘இப்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது’ என்று நாம் குறிப்பேட்டில் எழுதுவோம்.

பிரெமன் நகரில் கதை வேறு விதமாகச் சென்றது. 2007 சனவரியில் அந்நகரக் கழகமான வெர்டரின் அரங்கக் கூடத்தில், நிறவெறியை எதிர்த்த ‘ரக்காய் வெர்ட்’ என்ற இளைஞர் குழு நடத்திய விருந்தினுள் வலதுசாரி அடிதடிக் கும்பல் புகுந்து தாக்கியது. வழக்கு 2011-ல்தான் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தண்டம் கட்டியதோடு முடிந்தது. சட்டம் இவ்வளவுதான் செய்தது. ஆனால் 2008 நவம்பரில் போகும் நகரில் நடந்த ஆட்டத்தின் போது, வெர்டர் இரசிகர் பகுதியில் நாஜிச் சார்புக் குழு ஒன்று தன் பதாகையைக் கட்டியதும், சுற்றி நின்ற சாதாரண இரசிகர்களும் அல்ட்ராஸ்களும் சேர்ந்து ‘நாஜிகளே வெளியேறுங்கள்’ என்று முழங்கி அவர்களை எதிர்த்து நின்றனர். இரண்டும் ஒரே நாடு, ஒரே விளையாட்டு, ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகள். நடுவில் நின்றவர்கள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினர் என்பதில்தான் வேறுபாடு.

நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஜெர்மனியில் ‘இரசிகர் திட்டம்’ என்ற பெயரில் பல நகரங்களில் சமூகப் பணியாளர்கள் இயங்குகின்றனர். 1993-ல் வகுக்கப்பட்ட தேசியத் திட்டத்தின்படி அமைந்தவை இவை. காற்பந்துத் துறை, மாநிலம், நகராட்சி மூன்றும் செலவைப் பகிர்கின்றன. இவர்கள் காவலரும் அல்லர், கழகத்தின் ஊழியரும் அல்லர். வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளுடனேயே பயணம் செய்கின்றனர். சிக்கலில் மாட்டியவனுக்காகப் பேசுகின்றனர். நாஜி முகாம்களின் நினைவிடங்களுக்கு அழைத்துச் செல்கின்றனர். பாடம் நடத்த வகுப்பறையில் காத்திராமல், பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கே ஆசிரியர் போகிறார். வன்முறை இதனால் ஒழிந்துவிடவில்லை என்பதை ஆகன் காட்டுகிறது. பணியாளர் ஓரிருவர், எதிரில் ஒரு மேடை நிறையக் கூட்டம்.

இவ்வளவையும் மாணவருக்கு நீண்ட மின்னஞ்சலாக எழுதினேன். போகாதே என்று எழுதவில்லை. முதல் முறை அமர்ந்து பார்க்கும் பகுதியில் சீட்டு எடுக்கும்படியும், தனியே போகாமல் நண்பர்களுடன் போகும்படியும் எழுதினேன். தாயாரிடமும் அதையே கூறினேன். அவருக்கு முழு நிறைவில்லை என்பது குரலில் தெரிந்தது. அவர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?

அலெமானியா பதினொரு ஆண்டுகள் நான்காம் நிலையில் கிடந்து, 2024-ல் மூன்றாம் லீக்குக்கு மீண்டது. அடுத்து வந்த பருவத்தில் சொந்த அரங்கின் ஆட்டங்களுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரத் தொடங்கினர். மாணவர் போய் வந்தார். பாட்டு செவியைப் பிளந்ததாம், எவரும் ஒன்றும் சொல்லவில்லையாம், முதல் கோல் விழுந்ததும் முன்பின் தெரியாத முதியவர் ஒருவர் கட்டிப்பிடித்தாராம். மஞ்சள் கறுப்புத் துண்டு ஒன்றும் வாங்கியிருக்கிறார். 2013-ல் விலகிப் போனவர்களைப் பற்றி, பக்கத்தில் இருந்த இளைஞர்களிடம் கேட்டுப் பார்த்ததாகவும் எழுதியிருந்தார். அவர்களுக்கு அப்படியொரு குழு இருந்ததே தெரியவில்லை. கணக்குப் பார்த்தேன், அந்தக் குழு விலகியபோது அவர்களுக்கு எட்டு வயது இருக்கும். நம் பள்ளியில் என்றால் இரண்டாம் ஆண்டு.