மெசியே 47: இடம் தவறிய கொத்து

திறந்த விண்மீன் கொத்து என்பது ஒரே வாயு முகிலில் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்து, தம் ஈர்ப்பால் தளர்வாகப் பிணைந்திருக்கும் விண்மீன்களின் திரள். அதைத் தொலைநோக்கியில் பிடிப்பது வான்நோக்கரின் வேலையில் எளிய பாதி. இன்னொருவர் போய்ச் சேரும்படி அதன் இடத்தை எழுதிவைப்பதே கடினமான பாதி.

வால்மீன் தேடிய சார்ல் மெசியே, வால்மீனென மயங்கவைக்கும் மங்கல் பொருள்களின் முதல் பட்டியலைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அளித்த மூன்றாம் நாள், 1771 பிப்ரவரி 19 அன்று, பப்பிஸ் மண்டலத்தில் அருகருகே இரு கொத்துகளைக் கண்டார். அவையே அவர் பட்டியலின் 46, 47ஆம் எண்கள். அக்காலத்தில் புதிய பொருளின் இடம், முன்பே அளந்துவைத்த ஒரு விண்மீனோடு ஒப்பிட்டே குறிக்கப்பட்டது. தொலைநோக்கியை அசையாது நிறுத்திவிட்டால் வானம் மேற்கு நோக்கி நகரும். கண்ணருகு வில்லையில் கட்டிய மெல்லிய இழையை எது முந்திக் கடக்கிறது, மற்றது எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று கடிகாரத்தில் பார்த்தால் வல ஏற்ற வேறுபாடு, அதாவது கிழக்கு மேற்கு இடைவெளி, கிடைத்துவிடும். பப்பிஸின் 2ஆம் எண் விண்மீனுக்கு 47ஆம் கொத்து ஏறத்தாழ 9 நிமிடம் மேற்கே இருக்க, மெசியே தந்த இடமோ ஏறத்தாழ அதே அளவு கிழக்கே விழுகிறது. கழிக்க வேண்டியது கூட்டப்பட்டிருக்கிறது. குளிரில் விரல் மரத்துக் குறிப்பெழுதிய எவரும் இதைப் பெருங்குற்றம் என்று சொல்லமாட்டார்.

சொன்ன இடத்தில் கொத்து இல்லாததால் அது காணாமற்போன பொருளாகவே நின்றது. உண்மையில் சிசிலியின் ஹோடியெர்னா 1654க்கு முன்பே அதைக் கண்டிருந்தார். மெசியேவுக்குப் பின் கரோலின் ஹெர்ஷல் 1783இலும், அவர் அண்ணன் வில்லியம் 1785இலும் தனித்தனியே கண்டனர். ஆனால் அதுதான் மெசியேவின் கொத்து என்பதை 1934இல் ஓஸ்வால்ட் தாமஸும், அவரைச் சாராமல் 1959இல் கனடாவின் டி. எஃப். மோரிஸும் தெளிவுபடுத்தினர்.

சிரியஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 12 பாகை நகர்ந்தால், குறைந்த உருப்பெருக்கத்தில் இரு கொத்துகளும் ஒரே காட்சிப் புலத்தில் அமையும். 47இல் பளிச்சிடும் விண்மீன்கள் சிதறிக் கிடக்கும்; ஏறத்தாழ மூன்று மடங்கு தொலைவிலுள்ள 46 அரிசிமாவைத் தூவியது போலிருக்கும். நேரே பார்ப்பதைவிட, மங்கல் ஒளியை நன்குணரும் ஓரப்பார்வையில்தான் அதன் மணிகள் பிரியும்.

1888இல் டிரையர் வெளியிட்ட புதிய பொதுப் பட்டியலில் 47ஆம் கொத்தின் எண் 2422. மெசியே பிழையாகத் தந்த வெற்றிடத்துக்கும் அதில் 2478 என்று ஓர் எண் உண்டு.